ஒரு பாடம், இரண்டு கரும்பலகை

சிறிய பாடசாலைகளில் படிப்பிப்பவர்களுக்குப் பல்தரக் கற்பித்தல் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆசிரியர் ஒருவர், வகுப்பறை ஒன்று, தரங்கள் இரண்டு. சில வேளை மூன்று. ஆசிரிய கலாசாலையில் இதற்கென்றே எங்களுக்குச் சில விரிவுரைகள் நடந்தன. இரண்டு தரங்களுக்கும் பொதுவான பகுதியை முதலில் ஒன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு ஒரு தரத்துக்கு எழுத்து வேலையைக் கொடுத்துவிட்டு மற்றத் தரத்தோடு பேச வேண்டும். பாடம் முடியும் தறுவாயில் இரண்டையும் மீண்டும் சேர்க்க வேண்டும். கேட்பதற்கு இலகுவாகத்தான் இருக்கும். ஆனால் பொதுவான பகுதி எங்கே முடிகிறது, பிரிக்க வேண்டிய இடம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பதிலேயே ஆசிரியரின் முழுத் திறமையும் தங்கியிருக்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தால் பெரிய பிள்ளை சலித்துப் போகும். சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. அளவுக்கு மிஞ்சிப் பிரித்தால் ஆசிரியருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

கைத்தொலைபேசிகளுக்குச் செயலி எழுதுகிறவர்களுக்கும் இதே தலையிடி இருக்கிறது என்பதை எனது மூத்த ராத்தாவின் மகன் மூலமாகவே அறிந்துகொண்டேன். அவன் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருடங்கள் வேலை செய்தவன். ஐபோனுக்குச் செயலி எழுதுவதே அவனது தொழில். நானோ கணினி படித்தவனல்லன். ஆரம்பக் கல்வியும் தமிழும் படித்தவன். ஆனாலும் அவனது தொழிலைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கு எழுதக் காரணம் உண்டு. அந்தத் தொழிலில் ஏற்பட்ட ஒரு மாற்றம் எங்கள் வீட்டு வாசல் வரை வந்தது.

விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று உலகில் விற்பனையாகும் ஸ்மார்ட் போன்கள் பெரும்பாலும் இரண்டு குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று அப்பிள் நிறுவனத்தின் ஐபோன். மற்றது கூகுளின் அன்ட்ரொயிட் இயங்குதளத்தில் ஓடும் போன்கள். எங்களூர்க் கடைத்தெருவில் கிடைப்பவை அநேகமாக இரண்டாவது குலம். ஐபோன்கள் வளைகுடா நாடுகளிலிருந்து பயணப் பெட்டிக்குள் வருபவை. வெளியே பார்த்தால் இரண்டும் கண்ணாடிப் பலகைதான். உள்ளே பேசும் மொழிகள் வேறு. ஐபோனுக்கு முதலில் ஒப்ஜெக்டிவ் சி என்ற மொழியில் எழுதினார்கள். 2014இல் அப்பிள் ஸ்விஃப்ட் என்ற புதிய மொழியை அறிமுகம் செய்தது. அன்ட்ரொயிட்டுக்கு ஜாவாவில் எழுதினார்கள். 2017இல் கொட்லின் என்ற மொழியையும் கூகுள் ஏற்றுக்கொண்டது. கொட்லின் என்பது ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு அருகிலுள்ள ஒரு தீவின் பெயர். ஜாவாவும் தீவின் பெயர்தானே என்று அந்தப் பெயரைத் தேர்ந்தார்களாம். தீவில் பிறந்த நமக்கு இது ஒரு சின்னச் சந்தோசம்.

ஒரு பலசரக்குக் கடைக்காரர் தனது கடன் கொப்பியைப் போனுக்குள் கொண்டுவர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் எவ்வளவு தர வேண்டும், எப்போது தந்தார், மிச்சம் என்ன என்ற கணக்கு எந்தப் போனிலும் ஒன்றுதான். ஆனால் அதை இரண்டு போன்களிலும் ஓட வைக்க வேண்டுமானால் இரண்டு மொழியில், இரண்டு ஆட்கள், இரண்டு தடவை எழுத வேண்டும். ஒருவர் எழுதியதில் பிழை இருந்தால் மற்றவர் எழுதியதில் அது இல்லாமலிருக்கலாம். வேறு பிழை இருக்கலாம். கடைக்காரரின் போனில் மிச்சம் 1,250 ரூபா என்றும் அவரது மகனின் போனில் 1,200 ரூபா என்றும் காட்டினால் கடையில் சண்டைதான் நடக்கும். எனவே ஒரே நிரலை எழுதி இரண்டு இடத்திலும் பயன்படுத்த வழியில்லையா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இந்த ஆசை போன்களைவிடப் பழையது. 1995இல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது ஒரு தடவை எழுதினால் எங்கும் ஓடும் என்று சொல்லித்தான் விற்றது. போன்கள் வந்த பிறகு பலர் பல வழிகளில் முயன்றார்கள். முதல் வழி, இணையப் பக்கம் ஒன்றை எழுதி அதற்குச் செயலி என்ற சட்டையை மாட்டிவிடுவது. ஃபேஸ்புக் நிறுவனமே இந்த வழியில் பெருமளவு நம்பிக்கை வைத்திருந்தது. செயலி ஆமை வேகத்தில் ஊர்ந்தது. 2012இல் ஐபோனுக்கான செயலியை அதன் சொந்த மொழியிலேயே திரும்ப எழுதினார்கள். அந்த வழியில் அளவுக்கு மிஞ்சி நம்பிக்கை வைத்தது பெருந்தவறு என்று அதன் தலைவர் மார்க் சக்கர்பேர்க் அதே வருடம் பகிரங்கமாகவே சொன்னார்.

பிறகு அதே நிறுவனம் வேறொரு வழியைக் கண்டுபிடித்து 2015இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ரியெக்ட் நேட்டிவ் என்று அதற்குப் பெயர். பொதுவான பகுதியை ஒரு மொழியில் எழுதலாம்; திரையில் தோன்றும் பொத்தான்களும் பெட்டிகளும் அந்தந்தப் போனுக்குரியவையாகவே இருக்கும். கூகுள் ஃப்ளட்டர் என்று இன்னொரு வழியைக் கொண்டுவந்தது. அதன் முதலாவது நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வெளியானது. அது போனிடம் பொத்தான் கேட்பதில்லை. வெறும் திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்கிறது. கொட்லின்காரர்களின் வழி வேறு. கணக்கையும் தர்க்கத்தையும் மட்டும் பொதுவாக எழுதுங்கள், திரையை வேண்டுமானால் அவரவர் வீட்டு முறைப்படி கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அது நிலையானது என்று 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

"மாமா, ரெண்டு வகுப்ப ஒண்டா வெச்சிப் படிப்பிக்கிற கதைதான் இது," என்றான் மருமகன் ஒருநாள். "ஒராள் எல்லாத்தையும் சேர்த்துப் படிப்பிக்கச் சொல்றாரு. இன்னொராள் கணக்கு மட்டும் ஒண்டா, மத்ததெல்லாம் வேறயா எண்டு சொல்றாரு."

"யார்ர வகுப்பு நல்லா நடக்குது?" என்று கேட்டேன்.

"அது வகுப்பப் பொறுத்தது."

எனது கலாசாலை விரிவுரையாளர்களும் இதைத்தான் சொன்னார்கள். பெரிய நிறுவனங்களின் அனுபவமும் இதற்குச் சாட்சி. தங்குமிடங்களை வாடகைக்கு ஒழுங்கு செய்து கொடுக்கும் எயார்பிஎன்பி நிறுவனம் 2016இல் ரியெக்ட் நேட்டிவைப் பயன்படுத்தத் தொடங்கி, 2018இல் விட்டுவிட்டது. இரண்டு வேலையை ஒன்றாக்கப் போனவர்களுக்கு மூன்று வேலை சேர்ந்துவிட்டது. ஐபோனுக்கான நிரலும் வேண்டியிருந்தது, அன்ட்ரொயிட்டுக்கான நிரலும் வேண்டியிருந்தது, இரண்டையும் இணைக்கும் பொது நிரலும் வேண்டியிருந்தது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் ட்ரொப்பொக்ஸ் நிறுவனம் சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் பொது நிரல் எழுதி 2013 முதல் சில வருடங்கள் ஓட்டியது. 2019இல் அதைக் கைவிட்டதற்கான காரணங்களை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். பொது வழியில் போவதற்கான கருவிகளைத் தாங்களே செய்ய வேண்டியிருந்தது. அந்த வழியைத் தெரிந்த மூத்தவர்கள் விலகிப் போனபோது அவர்களது இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கூட்டிப் பார்த்தபோது இரண்டு தடவை எழுதுவதைவிட ஒரு தடவை எழுதுவதே செலவு கூடியதாக முடிந்திருந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. ஃப்ளட்டரில் எழுதிய செயலிகள் இலட்சக்கணக்கான போன்களில் ஒழுங்காக ஓடுகின்றன. சின்ன நிறுவனங்களுக்கு அது வரப்பிரசாதம். வேலை பாதியாகிறது. பிழை ஓரிடத்தில் திருத்தினால் இரண்டு இடத்திலும் திருந்துகிறது. சம்பளமும் மிஞ்சுகிறது.

யாருடைய சம்பளம் என்பதை நாங்கள் 2021இன் தொடக்கத்தில் தெரிந்துகொண்டோம். மருமகன் வேலை செய்த நிறுவனத்தில் அன்ட்ரொயிட்டுக்கு நான்கு பேரும் ஐபோனுக்கு மூன்று பேருமாக ஏழு பேர் இருந்தார்கள். நிர்வாகம் ஃப்ளட்டருக்கு மாறத் தீர்மானித்தது. ஏழு பேர் செய்ததை நான்கு பேர் செய்யலாம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் பிழையில்லை. மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதில் எங்கள் வீட்டுக்கு வந்தவன் ஒருவன்.

ராத்தாவுக்கு இதை விளங்கப்படுத்துவது பெரும்பாடாகிவிட்டது. "புள்ள ஏதும் பிழை செஞ்சானா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இல்லை ராத்தா, அவனது வேலையை இன்னொரு வேலையோடு சேர்த்துவிட்டார்கள் என்றேன். "சேர்த்தா ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாமே?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்னர் பக்கத்து ஊரில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டதென்று ஒரு சிறிய பாடசாலையை இன்னொன்றோடு இணைக்கப் பேச்சு எழுந்தபோது அங்கிருந்த ஆசிரியர்கள் கேட்டதும் இதே கேள்விதான்.

மருமகன் அதிகம் பேசவில்லை. ஐபோனின் மொழியில் ஏழு வருடம் ஊறியவன் அவன். ஒரு திரை நகரும்போது அது விரலோடு எப்படி ஒட்டி வர வேண்டும், எந்த இடத்தில் மெதுவாக நிற்க வேண்டும் என்பதையெல்லாம் கவனித்துச் செய்தவன். "ஃப்ளட்டர்ல செஞ்சாலும் ஓடும் மாமா. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு வித்தியாசம் விளங்காது," என்றான். மிச்சப் பத்துப் பேருக்காக வேலை செய்து பழகியவனின் கவலை அது. எங்களூரில் கையால் பாய் இழைத்தவர்கள் பிளாஸ்டிக் பாய் வந்தபோது இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அவனிடம் சொல்லவில்லை.

அந்த வருடம் பாடசாலைகளும் மூடிக்கிடந்தன. 2020இல் தொடங்கிய கொரோனா முடக்கம் 2021இலும் விட்டுவிட்டுத் தொடர்ந்தது. பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். தரம் இரண்டு, மூன்று பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிப்பதை மறந்துகொண்டு வந்தார்கள். வீட்டில் சும்மா இருந்த மருமகனிடம், எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்லும் ஒரு சிறு செயலி செய்ய முடியுமா என்று கேட்டேன். எனது பழைய மாணவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவர் குரல் கொடுத்தார். பிள்ளை எழுத்தைத் தொட்டால் ஒலி கேட்கும். விரலால் எழுத்தின் மேல் எழுதிப் பார்க்கலாம். தான் வாசித்ததைப் பதிவு செய்து கேட்கலாம்.

எந்த வழியில் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது மருமகனே ஃப்ளட்டர் என்றான். எனக்கு ஆச்சரியம்.

"உன்ட வேலயப் பறிச்சது அதுதானே மகன்?"

"அது என்ன செய்யிற மாமா? நம்மள்ட ஆளும் இல்ல, நேரமும் இல்ல. ரெண்டு தரம் எழுத ஏலாது."

அப்போதுதான் எனக்கு இன்னொரு பக்கம் விளங்கியது. ஏழு பேர் வேலை செய்யும் இடத்தில் மூவரை வெளியே அனுப்பிய அதே கருவி, ஆளே இல்லாத எங்கள் ஊரில் மூவரைச் செயலி செய்ய வைத்தது. பழைய மாணவர்கள் இருவரும் அதற்கு முன் ஒரு வரி நிரலும் எழுதியவர்களல்லர். பழைய கணினி ஒன்றில் மூன்று மாதம் இருந்து எழுதினார்கள். பொதுவாக எழுத முடியாத சில இடங்கள் இருக்கத்தான் செய்தன. பிள்ளையின் குரலைப் பதிவு செய்ய அனுமதி கேட்கும் முறை இரண்டு போன்களிலும் வேறு. அந்த இடங்களை மட்டும் மருமகன் தனித்தனியாகச் செய்தான். மற்றவை அனைத்தும் ஒன்று.

இதில் எனது மனதை மிகவும் தொட்ட விடயம் எழுத்து. பழைய போன்கள் சிலவற்றில் தமிழைப் பார்த்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கொடி' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கமும் அரவு இன்னொரு பக்கமும் வர வேண்டும். கணினி தனக்குள் வைத்திருக்கும் வரிசை வேறு: முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. அதை எடுத்து, கொம்பை முன்னே தள்ளி, அரவைப் பின்னே வைத்துத் திரையில் காட்ட இடையில் ஒருவர் வேலை செய்ய வேண்டும். வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு முன்னால் கொம்பு இடம் மாறி நின்றால் எங்கள் செயலி செய்ததைவிடச் செய்யாமலிருப்பது மேல்.

இந்த வேலையைச் செய்யும் நிரலின் பெயர் ஹர்ஃப்பஸ். மருமகன் இந்தப் பெயரைச் சொன்னதும் திரும்பச் சொல்லச் சொன்னேன். பாரசீக மொழியில் ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. ஓதப் பள்ளியில் அலிஃப், பே என்று ஹர்ஃபு கூட்டி ஓதியவர்களுக்கு அந்தச் சொல் அந்நியமானதல்ல. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பவர் இதன் முதன்மை ஆக்குநர். இலவசமான, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் இது. அன்ட்ரொயிட்டில் இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபொக்ஸ் உலாவிகளில் இருக்கிறது. ஃப்ளட்டர் இதைத் தன்னோடு மூட்டைகட்டி ஐபோனுக்குள்ளும் கொண்டுபோகிறது. அதனால் எங்கள் 'கொடி' இரண்டு போன்களிலும் ஒரே மாதிரி நிமிர்ந்து நின்றது.

அரபு எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், இறுதியில் ஒரு வடிவம் எடுக்கிறது. தமிழில் கொம்பு முன்னே ஓடுகிறது. சிங்கள எழுத்துக்கும் அதற்கேயுரிய விதிகள் உண்டு. எங்களூர்ப் பிள்ளையின் போனுக்குள் இந்த மூன்று எழுத்தும் வந்து போகின்றன. மூன்றையும் ஒழுங்குபடுத்துவது ஒரே நிரல். நமது முன்னோர்கள் தமிழ் ஒலிகளுக்காகச் சில அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி அரபுத்தமிழ் எழுதினார்கள். பேச்சு தமிழ், எழுத்து அரபு. ஒரே கருத்தை இன்னொரு வடிவத்துக்குள் கொண்டுபோகும்போது எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக்கூடாது என்று அவர்களும் யோசித்திருக்க வேண்டும்.

செயலியை அன்ட்ரொயிட்டுக்கான கூகுள் கடையில் வைக்க 25 டொலர் ஒரு தடவை கட்டினால் போதும். மருமகனே கட்டினான். உம்மாமாரின் போன்களில் செயலி ஓடத் தொடங்கியது. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார் சிலர் ஐபோன் வைத்திருந்தார்கள். "சேர், நம்மட போனுக்கு எப்ப வரும்? புள்ளையோட கதைக்கக்குள்ள நானும் எழுத்துச் சொல்லிக் குடுப்பன்தானே," என்று கத்தாரிலிருந்து ஒருவர் குரல் அனுப்பியிருந்தார். அவர் எனது பழைய மாணவர். தரம் ஐந்தோடு படிப்பை நிறுத்தியவர்.

நிரல் அவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஐபோனுக்கான பிரதியைக் கட்டி முடிக்க அப்பிள் கணினி வேண்டும். மருமகன் பாவித்தது நிறுவனத்தின் கணினி. வேலையோடு அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். நண்பன் ஒருவனின் கணினியில் ஒரு தடவை கட்டிப் பார்த்தான். அழகாக ஓடியது. அப்பிள் கடையில் வைப்பதற்கோ வருடத்துக்கு 99 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் அது சுமார் 20,000 ரூபா. யோசித்துக்கொண்டிருந்த போதே நாட்டில் டொலரின் விலை ஏறியது. மே மாதம் அதே 99 டொலர் 35,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. ஊரில் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இந்தக் கதையை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

நிரலைப் பொதுவாக்கலாம். வாசல்கள் பொதுவானவையல்ல, ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவற்காரர் நிற்கிறார், அவரவருக்கு ஒரு கட்டணம் இருக்கிறது. இதைப் பற்றிக் கருவி செய்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. கருவிக்கும் ஆயுள் உண்டு. மைக்ரோசொப்ட் 2016இல் வாங்கிய ஸமரின் என்ற பொது வழிக்கான ஆதரவு 2024 மே முதலாம் திகதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பி எழுதியவர்கள் வேறு வழிக்கு மாற வேண்டியதாயிற்று. ஃப்ளட்டருக்கும் ஒருநாள் அப்படி நடக்காதென்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

எனவே மருமகன் அந்த இரண்டு பையன்களுக்கும் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தபோது ஃப்ளட்டரை இரண்டாவதாகத்தான் வைத்தான். முதல் சில வாரங்கள் கணினியைத் தொடவிடவில்லை. கடன் கொப்பிக் கணக்கைத் தாளில் எழுத வைத்தான். ஒருவர் பாதிப் பணம் தந்தால் என்ன செய்வது, திகதி பிந்தித் தந்தால் என்ன செய்வது, இரண்டு போனில் ஒரே நேரத்தில் எழுதினால் எதை நம்புவது என்று கேள்வி மேல் கேள்வி. "மொழி மாறும், கருவி மாறும், இந்தக் கணக்கு மாறாது," என்று பையன்களிடம் சொல்வதை விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல ஆசிரியனாக வரக்கூடியவன் என்று தோன்றியது.

இப்போது அவன் வேறோர் இடத்தில் வேலை செய்கிறான். இரண்டு போன்களுக்கும் எழுதுகிறான். திரை விரலோடு ஒட்டி வரவில்லையென்றால் அந்த இடத்தை மட்டும் ஐபோனின் மொழியில் திரும்ப எழுதிவிட்டுத்தான் படுப்பதாக அவனது மனைவி முறைப்பாடு சொல்கிறாள். பையன்களில் ஒருவன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறான். மற்றவன் கடையில் நிற்கிறான். கடையின் கடன் கணக்கு இப்போது அவன் எழுதிய செயலியில் இருக்கிறது.

கத்தாரில் இருக்கும் வாப்பாவின் பிள்ளை இன்று தரம் ஆறு. எழுத்துக்கூட்டும் வயது கடந்துவிட்டது. ஆனால் இளைய பிள்ளை தரம் இரண்டுக்கு வந்திருக்கிறது. சென்ற மாதம் அவர் மீண்டும் குரல் அனுப்பியிருந்தார். இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. அங்கே இருக்கும் நமதூர் ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து வருடக் கட்டணத்தைக் கட்டுவதாகச் சொன்னார். மருமகனிடம் சொன்னேன். அப்பிள் கணினிக்கு நண்பனிடம் நாள் கேட்டிருக்கிறான்.